என் வீட்டுக்காரரும் ஒரு மூக்கு லாரியும்

என் வீட்டுக்காரர் மஸ்கட் வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்கு வந்த அடுத்த வாரம், என் சமையல்கட்டில் இருந்த டப்பாக்கள் எல்லாம் உயர வாரியாக நின்றன. நான் வயலிலிருந்து வந்து காபி போடப் போனேன். சர்க்கரை இருந்த இடத்தில் வெந்தயம் இருந்தது. டப்பாவின் மேல் கறுப்பு மையில் ‘வெந்தயம்’ என்று எழுதி, அதற்குக் கீழே சின்னதாக ஒரு அம்புக்குறியும் போட்டிருந்தார். அம்புக்குறி எதற்கு என்று கேட்டேன். மூடியை எந்தப் பக்கம் திருகினால் திறக்கும் என்று காட்டுவதற்காம்.

அவர் அங்கே பெரிய லாரிகளைப் பிரித்துக் கோக்கும் பட்டறையில் மெக்கானிக்காக இருந்தவர். கல்யாணமான கையோடு போனார். பிறகு வருஷத்துக்கு ஒருமுறை, சில சமயம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, லீவில் வருவார். லீவில் வந்தால் அவர் விருந்தாளி. விருந்தாளியை எப்படிக் கவனிப்பது என்று எனக்கு நன்றாகத் தெரியும். நல்ல மீனாக வாங்க வேண்டும், மெத்தையை வெயிலில் போட வேண்டும், சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் அழைத்துப் போக வேண்டும், கடைசியில் கொஞ்சம் அழுது வழியனுப்ப வேண்டும். விருந்தாளி திரும்பிப் போகவே இல்லையென்றால் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

திருத்துறைப்பூண்டிக்கு வெளியே எங்களுக்குச் சொந்தமாகக் கொஞ்சமும் குத்தகைக்குக் கொஞ்சமுமாக நிலம் இருக்கிறது. அத்தனை வருஷமும் சாகுபடியை நான்தான் பார்த்தேன். டிராக்டரும் நானே ஓட்டுவேன். மகளையும் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டேன். அதனால் வீடும் வயலும் என் கைக்குப் பழகி, கண்ணை மூடிக்கொண்டு நடக்கிற மாதிரி ஆகியிருந்தது. அதற்குள் இவர் வந்து சேர்ந்தார். முதலில் கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டார். பிறகு மிக்ஸியைப் பிரித்து அதன் சத்தத்தைக் குறைத்தார். அடுத்து மோட்டார் கொட்டகை, அதற்கடுத்து கொல்லைப்புறத்துக் குழாய். ஒரு மாதத்தில் வீட்டில் ரிப்பேர் தீர்ந்துபோனது. மிச்சமிருந்தது நான்தான்.

வரப்பில் என் பின்னாலேயே வருவார். இந்த மடையை ஏன் இங்கே வைத்திருக்கிறாய், டிராக்டரை ஏன் இந்தப் பக்கமிருந்து இறக்குகிறாய் என்று கேட்பார். சண்டை போடுகிற குரலில் கேட்கமாட்டார். பட்டறையில் மேஸ்திரி கேட்கிற மாதிரி, தலையைச் சாய்த்துக்கொண்டு நிதானமாகக் கேட்பார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சண்டை என்றால் பதிலுக்குப் போடலாம்.

அந்த மாசி மாதம் அறுவடை முடிந்ததும் பட்டுக்கோட்டையில் இருக்கும் என் தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் தேங்காய் வியாபாரம் செய்கிறான். அவனுடைய தேங்காய்க் களத்தின் மூலையில் ஒரு மூக்கு லாரி வெகுகாலமாகக் கிடந்தது. இந்தக் காலத்து லாரிகளைப் போல முகம் சப்பையாக இருக்காது. முன்னால் நீளமாக பேனட் நீட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் உருண்டையான மட்கார்டுகளோடு, குத்துவிளக்கு அளவுக்கு ஹெட்லைட்டுகளோடு இருக்கும். அதன் இன்ஜினை யாரோ எப்போதோ கழற்றி முத்துப்பேட்டைப் பக்கம் ஒரு மீன்பிடிப் படகுக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். பின்பக்கப் பலகைகள் உளுத்துப்போய் அதில் ஆடுகள் படுத்திருந்தன. தம்பி அதை அடுத்த வாரம் இரும்புக்குப் போடப்போவதாகச் சொன்னான்.

அந்த நிமிஷம் எனக்கு லாரி மேல் ஆசை வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், என் சமையல்கட்டு ஞாபகம்தான் வந்தது. இவ்வளவு பெரிய ரிப்பேரை ஒரு மனுஷர் முடிக்க எத்தனை நாளாகும் என்று கணக்குப் போட்டேன். மனசு குளிர்ந்துபோயிற்று.

வீட்டுக்கு வந்து சோறு போடும்போது, தம்பி ஒரு மூக்கு லாரியை இரும்புக்குப் போடுகிறானாம் என்று பொதுவாகச் சொல்லிவைத்தேன். அவர் சாப்பிட்டு எழுந்து கை கழுவிவிட்டு, எந்தக் காலத்து லாரி என்று மட்டும் கேட்டார். எனக்கென்ன தெரியும் என்றேன். மறுநாள் காலையில் பார்த்தால், பெட்டிக்கு அடியிலிருந்த நீலநிறப் பட்டறை உடுப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பி நின்றார்.

அறுவடை மிஷின்களை ஏற்றிவரும் லாரி ஒன்றில் அந்த மூக்கு லாரியை ஏற்றிக் கொண்டுவந்தார்கள். பட்டுக்கோட்டையிலிருந்து எங்கள் ஊருக்கு முத்துப்பேட்டை வழியாகத்தான் வரவேண்டும். அங்கே டீக்கடையில் நிறுத்தியபோது, இதோட இன்ஜின் இங்கேதான் இருக்கிறது, ஒரு எட்டு காட்டிவிட்டுப் போகலாமா என்று டிரைவர் கேட்டாராம். என் வீட்டுக்காரர் அதைக் கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்துப் பார்த்ததாகத் தம்பி சொன்னான்.

லாரி வந்து எங்கள் களத்துக் கொட்டகையில் இறங்கியது. கொட்டகையில் நின்ற என் டிராக்டர் வெளியே போயிற்று. அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மறுநாள் சர்க்கரை டப்பா சர்க்கரை இருந்த இடத்துக்கே வந்துவிட்டது. மற்ற டப்பாக்களையும் சேர்த்து நானே எடுத்து வைத்தேன். அதை அவர் கவனிக்கக்கூட இல்லை.

பழைய மாதிரி இன்ஜின் ஒன்றைத் தேடிப் போடுவார் என்று நினைத்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. உடம்பும் பழசு, இன்ஜினும் பழசு என்றால் பின்னால் நின்று தள்ளப்போவது நீதான் என்றார். புதுத் தலைமுறை டீசல் இன்ஜின்தான் வேண்டும். புகை வராது, அலறாது, டீசலும் கம்மியாகக் குடிக்கும். திருச்சிக்கு வெளியே ஒரு பழைய வண்டிக் கடையில், அடிபட்டு வந்த ஒரு பெரிய ஜீப்பின் இன்ஜினும் கியர்பாக்ஸும் பிரிக்காமல் அப்படியே கிடைத்தன. அவரும் தம்பியும் போய் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். இன்ஜினை மாற்றுவதற்கு முன்னாலேயே ஆர்.டி.ஓ. ஆபீசில் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. தம்பி ஒரு விசித்திரமான ஆள். ஓடாத லாரிக்குப் பேப்பரை மட்டும் உயிரோடு வைத்திருந்தான். அதனால் அந்த வேலை லேசாக முடிந்தது.

இன்ஜினை இறக்கிய அன்று நான் டீ கொண்டுபோனேன். சங்கிலிக் கப்பியில் இன்ஜின் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் லாரிக்குள் தலையைக் கொடுத்திருந்தார். தம்பி போன் பேச வெளியே போயிருந்தான்.

“ஒரு நிமிஷம் இந்தச் சங்கிலியப் பிடி” என்றார் அவர்.

பிடித்தேன். கோடை முடிகிறவரைக்கும் விடவில்லை. அவர் கேட்டது என்னவோ ஒரு நிமிஷம்தான். அதற்குப் பிறகு ஸ்பேனரைக் கொடு, லைட்டை இப்படிக் காட்டு, இந்தப் போல்ட்டுக்கு அந்தப் பக்கம் கையை விட்டு நட்டைப் பிடித்துக்கொள், உன் கை சின்னது, உள்ளே போகும் என்று ஒவ்வொன்றாக வந்தது. ஆளை வீட்டைவிட்டு வெளியே அனுப்பத்தான் இந்த லாரியைக் கொண்டுவந்தேன். கடைசியில் நானும் வெளியே வந்துவிட்டேன். சமையல்கட்டில் யாருமே இல்லை. பல நாள் இட்லி கடையிலிருந்து வந்தது.

இன்ஜின் உள்ளே உட்கார்ந்ததும் ஒரு வேடிக்கை தெரிந்தது. அவ்வளவு பெரிய பேனட்டுக்குள் அது, அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்ட குழந்தை மாதிரி இருந்தது. சுற்றிலும் காலி இடம். மிச்ச இடத்தில் ஒரு மூட்டை தேங்காய் போடலாம் அத்தான் என்று தம்பி சொன்னான். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. பழைய இன்ஜினைவிட இது இரண்டு பங்கு இழுக்கும் என்று விளக்கினார். அரைமணி நேரம் விளக்கினார். தம்பி பாவம், தலையாட்டிக்கொண்டே இருந்தான். மறுநாள் அந்தக் காலி இடத்தில் எங்கள் கோழி ஒன்று முட்டையிட்டு வைத்திருந்தது.

நாளடைவில் எங்களுக்குள் பேசாமலே ஒரு பாகப்பிரிவினை நடந்தது. டிரைவர் சீட்டுக்கு முன்னால் இருப்பதெல்லாம் அவருடையது. பின்னால் இருப்பதெல்லாம் என்னுடையது. புயலில் விழுந்த பூவரசு மரத்தை அறுத்துப் பலகையாக அடுக்கி வைத்திருந்தேன். அதைக் கொண்டு ஆசாரியை வைத்துப் பின்பக்கம் முழுக்கப் புதுசாகக் கட்டினேன். ஆசாரியிடம் அவர் பேசக்கூடாது என்பது நிபந்தனை. அவர் பேசவில்லை. ஆனால் நாங்கள் இல்லாத நேரத்தில் ஒவ்வொரு போல்ட்டையும் இறுக்கிப் பார்த்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. சீட் மட்டும் எல்லைத் தகராறாக இருந்தது. அவர் கறுப்பு ரெக்சின் என்றார். சித்திரை வெயிலில் அதில் யார் உட்காருவது என்று நான் கேட்டேன். கடைசியில் கோரைப்பாய் நிறத்தில் ஒரு துணியைப் போட்டோம். நிறத்துக்கும் அதே கதை. அவர் பாலைவன மணல் நிறம் வேண்டும் என்றார். மணலைத்தான் அவ்வளவு வருஷம் பார்த்தாயிற்றே என்றேன். மோட்டார் தண்ணீரில் நட்டு முப்பது நாளான கோடைப் பயிரின் பச்சையைக் காட்டி இதுதான் என்றேன். பெயிண்டர் வயலுக்கே வந்து ஒரு நெல்தாளைக் கிள்ளிக்கொண்டு போனார்.

கடைமடையில் இருக்கும் எங்கள் வயலுக்கு ஆற்றுத் தண்ணீர் வந்துவிட்டால் எனக்கு நாற்றங்கால் வேலை ஆரம்பித்துவிடும். அதற்குள் வண்டியைக் கிளப்பிவிட வேண்டும் என்று அவர் துடித்தார். ரேடியேட்டர், டீசல் டேங்க், பிரேக், ஸ்டியரிங் எல்லாம் ஆயிற்று. பின்சக்கரத்துக்குப் போகும் ஷாப்ட்டை லேத்தில் கொடுத்து நீளம் கூட்டியாயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் எலுமிச்சம்பழமெல்லாம் வைத்து, ஸ்டார்ட் செய்வதற்கென்று அவர் தனியாகப் பொருத்தியிருந்த பட்டனை அமுக்கினார். இன்ஜின் சுற்றியது. சுற்றியது, அவ்வளவுதான். பிடிக்கவில்லை.

டீசல் லைனில் காற்று இருக்கிறது என்றார். எடுத்தார். பில்டரை மாற்றினார். பேட்டரியை மாற்றினார். ஒவ்வொரு நாளும் அது அதே மாதிரி சுற்றி, அதே மாதிரி நின்றது. மூன்றாம் நாளிலிருந்து அவர் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். அவர் வேலைபார்த்த பட்டறையில் இரும்பு வேலைக்கு ஒரு பகுதி, மின்சார வேலைக்கு ஒரு பகுதி. வயர் பக்கம் இவர் போனதே இல்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வந்தார், சாப்பிட்டார், போய் லாரிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். டப்பாக்களையாவது மாற்றி அடுக்கமாட்டாரா என்று எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது.

தம்பிதான் தஞ்சாவூரிலிருந்து கார்களுக்கு ஸ்கேன் பார்க்கும் ஒருவரை அனுப்பிவைத்தான். அவர் லேப்டாப்போடு வந்து நெல் மூட்டை மேல் உட்கார்ந்து, வயரைச் செருகிப் பார்த்தார். ரொம்ப நேரம் எடுக்கவில்லை.

“இன்ஜின்ல ஒரு குறையும் இல்லீங்க. இது சாவியத் தேடுது” என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். இப்போது வருகிற வண்டிகளின் சாவிக்குள் ஒரு சின்ன சில்லு இருக்கிறதாம். அந்தச் சாவி பக்கத்தில் இருந்தால்தான், வண்டியின் டேஷ்போர்டுக்குள் இருக்கும் பெட்டி இன்ஜினிடம் ‘இது நம்ம ஆள்தான்’ என்று சொல்லும். சொன்னால்தான் இன்ஜின் டீசலை எடுக்கும். நாங்கள் இன்ஜினையும் அதன் மூளைப் பெட்டியையும் வாங்கியிருந்தோம். சாவியை வாங்கவில்லை. அந்த இன்ஜின், தான் இன்னும் அந்த ஜீப்புக்குள் இருப்பதாக நினைத்துக்கொண்டு, திருட வந்தவர்கள் என்று எங்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தது. வேறு வழியில் அதை ஏமாற்றலாம், ஆனால் எப்போது வேண்டுமானாலும் நடுரோட்டில் நிற்கும். அந்த டேஷ்போர்டும் சாவியும் கிடைத்தால் தேடிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

மறுநாள் தம்பிக்கு லோடு வேலை. நான் வருகிறேன் என்றேன். இரண்டு பேரும் பஸ் ஏறினோம். நானும் அவரும் சேர்ந்து போன இடங்களைச் சொல்வதென்றால், சொந்தக்காரர் வீடு, கோயில், இல்லாவிட்டால் திருச்சி ஏர்போர்ட். ஏர்போர்ட்டுக்குப் போகும்போது இரண்டு பேர் போவோம், வரும்போது நான் மட்டும் வருவேன். இப்போதும் அதே ரோடுதான். தஞ்சாவூரில் பஸ் மாறும்போது அவர் எனக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார். பெட்டி இல்லாமல் அவரோடு திருச்சிக்குப் போவது எனக்கு என்னமோ மாதிரி இருந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பழைய வண்டிக் கடைக்காரர் நெற்றி நிறைய விபூதி பூசிய கனத்த மனுஷர். டேஷ்போர்டு குவியலுக்குள் கிடந்தது, எடுத்துக் கொடுத்துவிட்டார். சாவியைக் கேட்டதும் கையைப் பிசைந்தார். கடையின் பின்மூலையில் வேப்பமரத்தடியில் ஒரு முனீஸ்வரன் இருந்தார். சிலையெல்லாம் இல்லை, ஒரு சூலம்தான். அந்தச் சூலம் முழுக்கச் சாவிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. அடிபட்டு வரும் வண்டிகளின் சாவியையெல்லாம் சாமியிடம் ஒப்படைத்துவிடுவது அவர் வழக்கமாம். நீங்கள் வாங்கிய ஜீப்பில் யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை, இருந்தாலும் கொடுத்ததைத் திருப்பி எடுத்ததில்லை என்றார்.

என் வீட்டுக்காரர் அவரிடம் சில்லைப் பற்றி விளக்க ஆரம்பித்தார். கடைக்காரர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். சில்லு இருக்கலாம் சார், ஆனால் முனீஸ்வரனுக்கு அதெல்லாம் தெரியாதே என்றார். இது இப்படியே போனால் கடைசி பஸ்ஸும் போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. நான் நடுவில் புகுந்து, இதை எடுத்துக்கொண்டு அதற்குப் பதிலாக வேறு ஒரு சாவியை வைத்தால் சாமி கோபித்துக்கொள்ளுமா என்று கேட்டேன்.

கடைக்காரர் யோசித்தார். அந்த மாதிரி யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. சூடம் ஏற்றிவிட்டு வந்து சொன்னார்.

“வைக்கலாம்ங்க. ஆனா உங்க சொந்தச் சாவியா இருக்கணும். கடையில வாங்கிட்டு வந்து மாட்டுனா அது கணக்குல வராது.”

என் பையில் மோட்டார் கொட்டகைச் சாவி இருந்தது. போனால் வேறு பூட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று அதைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் இவர் பர்ஸைத் திறந்து, உள் மடிப்பிலிருந்து ஒரு சின்னப் பித்தளைச் சாவியை எடுத்தார். நான் அதைப் பார்த்ததே இல்லை. என்ன சாவி என்று கேட்டேன்.

“மஸ்கட் ரூம் சாவி.”

“வரும்போது குடுத்துட்டு வரலையா?”

“ஒண்ணக் குடுத்துட்டேன். இது ரெண்டாவது சாவி.”

“எதுக்கு வெச்சிருந்தீங்க?”

அவர் சாவியைக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டிருந்தார். “இங்க ஒத்துவரலன்னா திரும்பிப் போயிடலாம்னு” என்றார்.

அதை அவர் ஒரு குறையாகச் சொல்லவில்லை. என்னைப் பார்த்தும் சொல்லவில்லை. போய்ச் சூலத்தில் மாட்டினார். கடைக்காரர் கொத்தைப் புரட்டி, சின்ன ரப்பர் செருப்பு ஒன்று தொங்கிய ஜீப் சாவியைக் கண்டுபிடித்து அவர் கையில் வைத்தார். நான் விபூதியை எடுத்துப் பூசிக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நின்றேன். அந்த மனுஷரை நான் வீட்டைவிட்டு வெளியே தள்ளத்தான் லாரி தேடினேன் என்பது முனீஸ்வரனுக்குத் தெரிந்திருக்கும். என் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் இருந்தால் சரி.

திரும்பும் பஸ்ஸில் டேஷ்போர்டை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வல்லம் தாண்டும்போது, டப்பாவையெல்லாம் நான் பழையபடி மாற்றி வைத்ததில் கோபமா என்று கேட்டேன்.

“கோபம் எதுக்கு?” என்றார். “எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல. ஒரு காபி போடணும்னாலும் உன்னக் கூப்பிட வேண்டியிருந்துச்சு. நீயோ வயல்ல நிப்ப. அதான் எழுதி வெச்சேன்.”

மேஸ்திரித்தனம் என்று நான் நினைத்ததெல்லாம் இதுதானா என்று ஆகிவிட்டது. வேர்க்கடலை மிச்சம் இருந்தது, அதைக் கொடுத்தேன்.

ஸ்கேன்காரர் மறுபடி வந்து டேஷ்போர்டை இணைத்தார். அக்கம்பக்கத்து வீட்டார் எல்லாம் களத்தில் கூடிவிட்டார்கள். லாரி கிளம்புகிற சத்தத்தைக் கேட்கத்தான் வந்திருந்தார்கள். சிலர் காதைப் பொத்திக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். அவர் ரப்பர் செருப்புச் சாவியைப் போட்டுத் திருப்பினார். லேசாக ஒரு உறுமல் வந்து அடங்கியது. எல்லோரும் காத்திருந்தார்கள்.

“அத்தான், இன்னொரு தடவ போட்டுப் பாருங்க” என்றான் தம்பி.

“ஓடிக்கிட்டுத்தான்டா இருக்கு” என்றார் அவர்.

தம்பி நம்பாமல் பேனட்டைத் தொட்டுப் பார்த்தான். பிறகு ஒவ்வொருவராக வந்து தொட்டுப் பார்த்தார்கள். அடுத்த வீட்டுப் பெரியம்மாவுக்கு ரொம்ப ஏமாற்றம். இவ்வளவு நாள் தட்டிக் கொட்டிவிட்டு, பிரிட்ஜ் மாதிரி சத்தம் வருகிறதே என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இறங்கி வந்ததும், கண்ணில் புகை பட்டுவிட்டது என்றார். அந்த இன்ஜினில் புகையே வராது என்று கோடை முழுக்கச் சொன்னவர் அவர்தான்.

டேஷ்போர்டுக்கு மட்டும், தான் ஒரு ஜீப் என்ற நினைப்பு இன்றுவரை போகவில்லை. பின்கதவு திறந்திருக்கிறது என்று எப்போதும் சிவப்பு விளக்குக் காட்டும். பின்கதவே கிடையாது என்று அதற்கு எப்படிச் சொல்வது? பெல்ட் போடாவிட்டால் டிங் டிங் என்று நிறுத்தாமல் அடிக்கும். அதற்காகவே பெல்ட் வாங்கிப் பொருத்தினோம். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோனபோது, பிரேக் ஆய்வாளர் எல்லாவற்றையும் ஒழுங்காகப் பார்த்து முடித்துவிட்டு, பேனட்டைத் திறந்து மூட மனசில்லாமல் ரொம்ப நேரம் நின்றார். அந்தக் காலி இடத்தில் என்ன வைப்பீர்கள் என்று கேட்டார். கோழி என்று நான் சொல்லவில்லை.

முதல்முதலாக ரோட்டில் ஓட்டியது என் வீட்டுக்காரர்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். களத்திலிருந்து தார் ரோட்டில் ஏறியதும், ரொம்ப நிதானமாக, ரொம்பப் பெருமையாக, வண்டியை வலதுபக்கம் கொண்டுபோய் வைத்தார். மஸ்கட்டில் வலதுபக்கம்தான் போகவேண்டும். எனக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. எதிரே டவுன் பஸ் வந்தபோதுதான் தோன்றியது. பஸ் டிரைவர் நிறுத்தினார், இவரும் நிறுத்தினார். மூக்கும் மூக்கும் ஒரு முழ தூரத்தில் நின்றன. பஸ் டிரைவர் திட்டவில்லை. ஜன்னல் வழியாக எட்டி, என்ன வண்டி சார் இது, ரொம்ப அழகா இருக்கு, ஆனா நம்ம ஊருல இடதுபக்கமா விடுங்க என்றார்.

அவர் இறங்கி, வண்டியைச் சுற்றிவந்து, என் பக்கத்துக் கதவைத் திறந்தார். நகரு என்று சைகை செய்தார். அன்றைக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தவள்தான் நான், இன்னும் விடவில்லை. அவ்வளவு பெரிய மூக்கை வைத்துக்கொண்டு வளைவில் திருப்புவது டிராக்டரைவிடச் சுகமாக இருந்தது.

தண்ணீர் வந்தது. அந்தக் குறுவைக்கு, பாய் போல வளர்த்த நாற்றுகளைச் சுருட்டி அடுக்கி, பூவரசுப் பலகை மேல் ஏற்றிக்கொண்டு வயல் வயலாக இறக்கினோம். பச்சை வண்டியில் பச்சை நாற்று. தம்பி அதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டான். அதைப் பார்த்துவிட்டுத் தஞ்சாவூரிலிருந்து ஒரு போட்டோகிராபர் போன் செய்தார். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் வைத்துப் படம் எடுப்பார்களே, அதற்கு இந்த லாரி வேண்டும் என்றார். நெல் மூட்டை ஏற்றக் கட்டிய வண்டி என்று இவருக்குக் கோபம். ஒரு தடவை போய்த்தான் பார்ப்போமே என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

முள்ளியாற்றங்கரையில் காலை வெயிலில் வண்டியை நிறுத்தினோம். மட்கார்டிலெல்லாம் பூமாலை சுற்றினார்கள். பெண்ணுக்கு அலங்காரம் முடிய நேரமாகும் போலிருந்தது. வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்க்க, போட்டோகிராபர் எங்கள் இரண்டு பேரையும் நிற்கச் சொன்னார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் என் கையை பேனட் மேல் எடுத்து வைத்துவிட்டார். எங்கள் கல்யாணத்தில் எடுத்த படங்களில் எல்லாம் நாங்கள் சேர்ந்து நின்றாலும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடைவெளி இருக்கும்.

“ஐயா, கொஞ்சம் அம்மாவப் பாருங்க” என்றார் போட்டோகிராபர்.

அவர் பார்த்தார். நானும் தைரியமாகச் சிரித்தேன். கேமரா கிளிக் செய்தது. படத்தைக் காட்டினார்கள். நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அவர் என் தோளுக்குக் கீழே, முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அங்கே சொட்டுச் சொட்டாக ஏதோ ஒழுகியிருக்கிறது. ஆயில் கசிகிறதோ என்று அவருக்கு உயிரே போய்விட்டதாம். குனிந்து தொட்டு, மோந்து பார்த்தார். பூமாலையில் தெளித்த தண்ணீர்.

நிமிர்ந்தபோது அவர் முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்தது. நேராக என்னைப் பார்த்துத்தான் சிரித்தார். ஆயில் இல்லை, தண்ணிதான் என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். போட்டோகிராபர் கெட்டிக்காரர், அந்த நேரம் பார்த்து இன்னொன்று எடுத்துவிட்டார். ரொம்ப அருமையான படம். அதில் நான் கண்ணை மூடியிருக்கிறேன்.

மூன்றாவது எடுக்கலாமா என்று கேட்பதற்குள் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்துவிட்டார்கள். நாங்கள் நகர்ந்து, புளியமரத்து நிழலில் போய் நின்றுகொண்டோம்.